பாசியும் குளிசையும்

நீரிழிவுக்காக வைத்தியர் பெரியம்மாவுக்குப் புதிய குளிசையொன்றைக் கொடுத்து, நாளுக்கு ஒரு முறை போதும் என்றார். சித்த வைத்தியர் தந்தவற்றைத் தேனில் இழைத்து உண்டு பழகிய பெரியம்மா, இதனையும் கல்வத்தில் இட்டுப் பொடித்து உண்டார். அன்று முழுவதும் குமட்டலும் வயிற்றோட்டமும் அவரை வாட்டின. குற்றம் மருந்தினுடையதன்று, அதனைப் பொடித்ததே பிழை. அஃது எங்ஙனம் என விளக்க நமது கடற்பாசியே போதும்.

யாழ்ப்பாணக் கடனீரேரியில் வளரும் கிறாசிலேறியா என்னும் பாசியை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்கள் ‘இலங்கைப் பாசி’ என வழங்கின. அதனைக் காய்ச்சி வடித்து ஆறவிட்டால் ஜெலியாக உறையும். கையில் திண்மம்போல் நிற்கும் அந்த ஜெலியில் மிகப் பெரும்பகுதி நீரே. நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் பின்னிய வலையில் அந்நீர் சிறைப்பட்டிருக்கிறது. இத்தகையதையே நீர்க்களி என்கிறோம்.

வகுப்பில் அந்த ஜெலியின்மேல், கிணற்றுக்கு இடும் கொண்டிஸ் துகள் ஒன்றை வைப்பேன். ஊதா நிறம் மெல்லப் பரவும். இருமடங்கு தூரத்துக்கு இருமடங்கு நேரம் போதும் என்று மாணவர் எண்ணுவர். ஆனால் வேண்டுவது ஏறத்தாழ நான்கு மடங்கு! உப்புப் போன்ற சிறு பொருள்கள் ஜெலியினூடே எளிதிற் பரவுவதை 1861இல் தோமஸ் கிரகாம் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். சரியாக 100 ஆண்டுகளின் பின், 1961இல், களிம்பிலிருந்து வெளிப்படும் மருந்தின் அளவு காலத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என அமெரிக்க விஞ்ஞானி தாகேரு இகுச்சி கணித்துரைத்தார்.

பெரியம்மாவின் குளிசையும் இவ்வழியிலேயே தொழிற்படுவது. மெற்போமின் என்னும் மருந்து அதில் செலுலோசிலிருந்து ஆக்கிய பொருளொன்றுடன் கலந்திருக்கிறது. இரைப்பையில் நீர் பட்டதும் குளிசையின் புறம் வீங்கி நீர்க்களியாகிறது. உள்ளே கரையும் மருந்து அந்த வலையினூடே மணிக்கணக்காக ஊர்ந்து வெளியேறுகிறது. பொடித்தாலோ, கடக்கவேண்டிய தூரம் குறுகும். நீர் படும் பரப்புப் பெருகும். ஒரு நாளைக்குரிய மருந்து விரைந்து வெளிப்பட்டுவிடும்.

எல்லாக் குளிசைகளும் இத்தகையன அல்ல. எனினும், பொடிக்கலாமா என்று வைத்தியரையோ மருந்தாளரையோ முன்னரே கேட்டறிதல் நம் கடன். பெரியம்மாவுக்கு வைத்தியர் இப்பொழுது வேறு சிறு குளிசையை இரு வேளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கும் அந்த ஜெலியைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தவர், “மருந்தையும் அதன்ரை பாட்டில நடக்க விடவேணும் போல, தம்பி” என்றார். என் பாடம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.