வீரமும் தன்னையறிதலும்: ‘அன்பிரேக்கபிள்’ திரைப்படம்

பேராற்றல் வாய்ந்த தலைவன் ஒருவன் கொடியோரை ஒறுத்து எளியோரைக் காக்கும் கதைகள், 1938-ஆம் ஆண்டில் ‘சூப்பர்மேன்’ தோன்றியது முதல் அமெரிக்கப் படக்கதை ஏடுகளிற் பெருவழக்காயின. அவற்றின் வழிவந்த திரைப்படங்களும் பெரும்பாலும் போரையே பொருளாகக் கொண்டன. அவ்வழக்கினின்று விலகி நிற்பது, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அன்பிரேக்கபிள்’ என்னும் படம். புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சார்ந்த மாகியில் 1970-இல் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்த எம். நைட் சியாமளன் இதனை எழுதி இயக்கினார். இப்படத்தின் சிறப்பு யாது, குறை யாது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

பிலடெல்பியா நகரின் விளையாட்டரங்கு ஒன்றிற் காவற்பணி புரிபவன் டேவிட் டன். அவன் ஏறிவந்த புகைவண்டி தடம்புரண்டு பயணியர் யாவரும் மாள, அவன் மட்டும் சிறு கீறலுமின்றிப் பிழைக்கின்றான். எளிதில் முறியும் எலும்புகளோடு பிறந்த எலைஜா பிரைஸ் என்பான் அவனைத் தேடி வருகின்றான். தன்னைப்போல் நொறுங்கும் உடலினன் ஒருவன் உளனாயின், முறியாத உடலினன் ஒருவனும் எங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது அவன் துணிபு.

இதன்பின் கதை செல்லும் இடம் போர்க்களம் அன்று; டேவிட்டின் இல்லமே. மகன் காண அவன் பளு தூக்குகின்றான். எடைத்தட்டுகள் போதாமையால் வண்ணக் குவளைகளையும் கோத்துத் தூக்குகின்றான். தந்தையின் ஆற்றலை மெய்ப்பிக்கத் துணிந்த மகன், சமையலறையில் அவனை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகின்றான். இளமையில் தான் காதலித்தவள் வன்மையான பந்தாட்டத்தை வெறுத்தமையால், ஊர்தி விபத்தொன்றிற் காயமுற்றதாக நடித்து டேவிட் அவ்வாட்டத்தைத் துறந்தான் என்பதும் பின்னர்த் தெரிகின்றது. அன்பின்பொருட்டுத் தன் இயல்பைப் பிறரிடம் மறைத்தவன், நாளடைவில் தனக்கே மறைத்துக்கொண்டான். காலைதோறும் அவனைப் பற்றும் இனம்புரியாத் துயரின் வேர் இதுவே. அவன் அடக்கும் கொடுஞ்செயலும் ஒன்றே. வீடு புகுந்த கொலைஞனைப் பின்னின்று இறுகப் பற்றி, அவன் வலியடங்கும் வரை விடாது நிற்கின்றான். சிறைப்பட்ட குழந்தைகள் மீள்கின்றனர். மறுநாட் காலை டேவிட்டின் துயரும் நீங்குகின்றது.

படம் மெதுவாக நடக்கின்றது என்பது சிலர் கூறும் குறை. ஐயுற்றுத் தன்னையறிவான் ஒருவனுக்கு அந்நடை பொருந்துவதே என நாம் கருதுகின்றோம். உண்மைக் குறை முடிவில் உள்ளது. முறியாத ஒருவனைக் கண்டுபிடிக்கவே அப்புகைவண்டி விபத்து உள்ளிட்ட பேரழிவுகளைத் தானே நிகழ்த்தியதாக எலைஜா வெளிப்படுத்துகின்றான். எதிரியைக் கண்டமையால் தான் யார் என்பதும் விளங்கிற்று என மகிழ்கின்றான். டேவிட் விலகி நடக்க, எலைஜா அடைக்கப்பட்டான் என்னும் செய்தியைத் திரையில் தோன்றும் எழுத்துகளே உரைத்துவிடுகின்றன.

இங்கே எழும் வினா பெரிது. இருவரும் தேடியது ஒன்றே: உலகில் தமக்குரிய இடம். அதனை அறிந்தமையால் ஒருவன் குழந்தைகளைக் காத்தான். மற்றவன் அதனை அறிதற்பொருட்டே பலரைக் கொன்றான். தன் விழிப்பு அம்மாந்தர் உயிரின் விலையில் வந்தது என்பதை டேவிட் எவ்வாறு தாங்குவான்? படம் விடை கூறாமையைக் குறையென்னோம். அவ்வினாவின் முன் அவனை நிற்கவும் விடாமையே குறை. 2019-இல் வந்த ‘கிளாஸ்’ இருவரையும் மீண்டும் எதிரெதிர் நிறுத்தியும், ஆற்றலுடையோரை ஒடுக்கும் மறைகுழு ஒன்றன் செய்தியையே பெரிதாக்கிற்று.

எனினும் இப்படத்தால் நாம் பெறும் தெளிவு ஒன்றுண்டு. தன்னை அறிதல் துயரைப் போக்கலாம், அதுவே அறமாகிவிடாது. அறிந்த தன்னை யார்பொருட்டு ஈடுபடுத்துகின்றோம் என்பதிலேயே வீரனும் கொடியவனும் வேறுபடுகின்றனர்.