பயணத்தில் பார்ப்பதா, எழுதுவதா? கேமரன் மலையிலிருந்து ஒரு சிந்தனை

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். ரிங்லெட்டைக் கடந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று மேலே போகப் போக, சரிவெல்லாம் பச்சைக் கம்பளம் விரித்தது போலத் தேயிலை. காரை நிறுத்தியதும் எல்லார் கையிலும் கைப்பேசி. படம் எடுத்து, இரண்டு வரி எழுதி, உடனே பகிர்ந்துவிட வேண்டும். வீடு திரும்பிய பிறகுதான் பலருக்கும் ஒரு குறை தட்டும்: "இத்தனை படம் எடுத்தோமே, மலையைக் கண்ணாரப் பார்த்தோமா?"

எழுதாமல் வந்தவர்களுக்கு வேறொரு குறை உண்டு. ஐந்து ஆண்டு கழித்துப் பிள்ளை கேட்கும்போது, எந்தத் தோட்டத்துக்குப் போனோம், எந்தக் கோயிலில் கும்பிட்டோம் என்று எதுவும் நினைவுக்கு வராது. பயணத்தில் குறிப்பு எழுதுவோரின் மனம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது.

இந்த மலையின் கதையே ஒரு பயணக் குறிப்பில்தான் தொடங்குகிறது. 1885ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசின் நில அளவையாளர் வில்லியம் கேமரன், பேராக், பகாங் எல்லைப் பகுதியை ஆராயச் சென்றபோது, மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாக எழுதினார். ஆனால், அது சரியாக எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் தெளிவாகக் குறித்து வைக்கவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பிறகு, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்த பின்னரே இதை மலைவாசத் தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். "அழகான இடம்" என்று எழுதினால் மட்டும் போதாது. எங்கே, எப்போது என்பதையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அதே காலத்தில் இன்னொரு பெரும் பயணமும் நடந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கங்காணிகளின் பின்னால் தோட்டங்களுக்கு நடந்த நம் முன்னோர்களின் பயணம் அது. ரஜுலா கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் பெரியவர்களின் முகம் மாறும். ஆனால், அந்தக் கப்பலில் வந்தவர்களில் நாட்குறிப்பு எழுதியவர்கள் மிகக் குறைவு. பலருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர்கள் கண்டதும் பட்டதும் பாட்டாகவும் பேச்சாகவும் லயத்து வீட்டுத் திண்ணையில் தங்கிவிட்டன. திண்ணைகள் போனபோது கதைகளில் பாதியும் போய்விட்டன.

மிச்சம் இருந்ததைக் காப்பாற்றியவர்களும் உண்டு. கொங்கு நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்த தம் குடும்பத்தின் கதையை முத்தம்மாள் பழனிசாமி "நாடு விட்டு நாடு" என்ற நூலாக எழுதினார். ஒரு குடும்பத்தின் நினைவு எழுத்தில் ஏறியதால், அதே வழியில் வந்த பல குடும்பங்கள் தங்கள் கதையை அதில் அடையாளம் காண முடிகிறது.

அப்படியானால் பார்ப்பதையெல்லாம் எழுதிவிட வேண்டுமா? இதற்கு ஏ.கே. செட்டியாரின் வாழ்க்கை ஒரு வழி காட்டுகிறது. "உலகம் சுற்றும் தமிழன்" என்று பெயர் பெற்ற அவர், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940இல் அவற்றை ஆவணப்படமாக வெளியிட்டவர். "மலேயா முதல் கனடா வரை" என்று ஒரு பயண நூலும் எழுதியுள்ளார். இவ்வளவு சுற்றியும், தம் எழுத்தில் தம்மைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, சந்தித்த மனிதரையும் ஊரையும் முன்னால் நிறுத்தினார். கேமராவைக் கையாளப் பயின்றவர்தான். ஆனால் தம் படத்தை முன்னிறுத்துவதில் அவருக்கு ஆர்வம் இருந்ததில்லை.

இன்று பெரும்பாலும் நேர் எதிராக நடக்கிறது. முன்னால் நாம், பின்னால், மங்கலாக, கொழுந்து பறிக்கும் ஒருவர். ஒரு காலத்தில் அந்த இடத்தில் நின்றவர் நம் பாட்டியாக இருந்திருக்கலாம். இன்று பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் நிற்கிறார்கள். பறித்த கொழுந்தின் எடைக்கேற்பக் கூலி பெறுபவருக்குப் படத்துக்காக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. கேட்காமல் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றுவது அவருக்குத் தெரியவும் தெரியாது. நம் பாட்டியை யாராவது இப்படிப் படம் எடுத்திருந்தால், அவர் பெயரையாவது கேட்டு எழுதியிருக்கக் கூடாதா என்று இன்று நாம் ஏங்குவோம் அல்லவா?

ஆகவே எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. எழுதும் முறையை மாற்றிக்கொள்ளலாம். பகலில் பார்ப்பதும் பேசுவதும் நடக்கட்டும். இரவில் அறைக்குத் திரும்பிய பின் பத்து நிமிடம் ஒதுக்கி, தேதி, இடம், சந்தித்தவர், கேட்ட கதை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ஒருவரைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பது மரியாதை. பயணத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் பகிர்ந்தால், வீடு பூட்டிக் கிடப்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்து பகிர்ந்தாலும் மலை அங்கேயேதான் இருக்கும். குடும்பத்துக்குள் நடந்த மனத்தாங்கல், அழுகை போன்றவை நோட்டுப் புத்தகத்தோடு நிற்கட்டும்.

அடுத்த விடுமுறையில் மலையேறும் குடும்பங்கள் இன்னொன்றும் செய்யலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாவோ பாட்டியோ உடன் வந்தால், முன் இருக்கையில் அவர்களை உட்கார வையுங்கள். வழியில் அவர்கள் சொல்வதைப் பின் இருக்கையில் இருக்கும் பிள்ளை எழுதட்டும். தாப்பா வளைவுகளில் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.