வால்வின் வெளிச்சமும் ஓதுவோரின் குரலும்

பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், தாமிரபரணிக் கரையூர்களுக்கு மின்சாரம் படிப்படியாக வந்து சேர்ந்தது. அதன் பின்னே வால்வு ரேடியோ வந்தது. விசையைத் திருகிய உடனே அது பேசாது. உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் செவ்வொளி வீசும் வரை வீடே காத்திருக்கும். இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியையும், 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலியையும் நம் பெரியவர்களில் பலர் அந்தக் காத்திருப்புக்குப் பிறகே கேட்டனர். டிரான்ஸிஸ்டர் பரவியதும் வால்வுப் பெட்டிகள் பரணுக்குப் போயின.

பரணுக்குப் போனதை இன்று இளைஞர் சிலர் விரும்பித் தேடுகின்றனர். மேலப்பாளையத்தில் டி.வி. பழுது பார்க்கும் தொழில் பழகிய ஓர் இளைஞர், வால்வு ‘பிரீ-ஆம்ப்ளிபையர்’ ஒன்றைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டியிருக்கிறார். அவருடைய பாட்டனார் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளே அதற்குக் காரணம். இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபா (1925–2015) அவர்களின் தட்டுகள் சில. மிஸ்ர் நாட்டுக் காரீகளின் கிராஅத் தட்டுகள் சில. வால்வு கிடைப்பதுதான் சிரமம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளைத் தயாரித்தது; அந்தத் தயாரிப்பு நின்று நெடுநாளாயிற்று. இப்போது ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்துதான் வருகின்றன.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் சூடேறும் பகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டுத் தகட்டை நோக்கி ஓடுகின்றன. 1904-இல் பிளெமிங் இதனை அமைத்தார். 1906-இல் லீ டி பாரஸ்ட் இடையே ஒரு கம்பி வலையை வைத்தார். வலையில் ஏற்படும் சிறு அசைவு, தகட்டில் பேரசைவாக வெளிப்பட்டது. ஒலியைப் பெருக்கும் கலை அங்கே பிறந்தது. நம் இளைஞர் பயன்படுத்தும் 12 ஏ.எக்ஸ்.7 என்னும் வால்வின் பெருக்கு எண் 100.

இசைத்தட்டின் முள் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட் மட்டுமே. அதனை நூறு மடங்குக்கு மேல் உயர்த்திப் பெரிய ஆம்ப்ளிபையரிடம் ஒப்படைப்பது இந்தச் சிறு பெட்டியின் வேலை. முதற்படியில் நுழைந்த இரைச்சலைப் பின்வரும் படிகள் எவையும் பிரித்தெடுக்க மாட்டா. குரலோடு சேர்த்து அதனையும் பெருக்கியே அனுப்பும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் இதுவே நிலை. மைக்கின் வயர் பழுதாகி ‘ம்ம்ம்’ என்று இரைந்தால், ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் புதிய ஸ்பீக்கர் மாட்டினாலும் அது பெரிதாகத்தான் இரையும். இதனை அறியாத நிர்வாகிகள் முதலில் ஸ்பீக்கரைத்தான் மாற்றுகின்றனர்!

மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கு இதில் ஈடுபாடு வந்தது எப்படி என்று வாசகர் கேட்கலாம். மக்ரஜ்தான் காரணம். ஸீன், ஸாத், ஸா ஆகிய மூன்றையும் பிள்ளைகள் பிரித்துச் சொல்லப் பழக வேண்டுமானால், முதலில் பிரித்துக் கேட்க வேண்டும். ஸீனின் சீறலில் பெரும்பகுதி நொடிக்கு 4000 அதிர்வுகளுக்கு மேலே உள்ளது. பழைய தொலைபேசியோ 3400-க்கு மேல் கடத்தாது. தட்டில் ஒலியைப் பதிக்கும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் பதிப்பர். இதற்கான பொது அளவு 1954-இல் வகுக்கப்பட்டது. பிரீ-ஆம்ப்ளிபையர் அதனை அப்படியே தலைகீழாக்கிச் சமன் செய்ய வேண்டும். அந்தப் பகுதியிலுள்ள கண்டன்சரின் அளவு பிசகினால் ஸீன் மழுங்கும்; அல்லது காதைக் கீறும். இளைஞரின் பெட்டியில் முதலில் மழுங்கியே கேட்டது. மீட்டரால் அளந்து, ஒரு விழுக்காட்டுக்கு மேல் பிசகாத பாகங்களாக அவர் மாற்றிய பின்பு, அதே தட்டில் காரீயின் ஸாத் தனியே எழுந்து நின்றதை என் காதால் கேட்டேன்.

‘இவையெல்லாம் கூடுமா?’ என்று வினவுவோரும் உண்டு. ஒலிபெருக்கி வந்த புதிதில் உலமாக்கள் அதனைப் பற்றி விரிவாகவே விவாதித்தனர். தொழுகையில் பெருகி வருவது இமாமின் குரலேதானா, அதன் எதிரொலியா என்பதே அவ்விவாதத்தின் மையம். இன்று பாங்கு அதன் வழியேதான் ஒலிக்கிறது. கருவி எதைப் பெருக்குகிறது என்பதே கேள்வி என்பது என் எண்ணம்.

ஆனால் ஆபத்து ஒன்றுண்டு. அதனைப் பெற்றோர் அறிய வேண்டும். இந்தப் பெட்டிக்குள் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின் அழுத்தம் இருக்கிறது. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்கள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். அவற்றின் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை நிலையாகப் பொருத்தி மின்னூட்டம் வடிய வழி செய்ய வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை விடலாகாது. உலோகப் பெட்டிக்கு எர்த் இணைப்புக் கட்டாயம். ஒளுச் செய்த ஈரக் கையோடும் ஈரக் காலோடும் பக்கத்தில் போகவே கூடாது. மின்வேலை தெரிந்தவர் அருகில் இல்லாமல் பள்ளி மாணவர் இதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பூட்டி முடித்ததும் ‘மேம்படுத்தும்’ ஆசை தொடங்குகிறது. செலவில்லாத மேம்பாடுகளே பெரும்பயன் தருகின்றன. இழைக்குச் செல்லும் இரு வயர்களையும் இறுக முறுக்கி மூலையோரமாகக் கொண்டு போவது, எர்த் வயர்களையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்ப்பது, டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்துப் பார்ப்பது. இவற்றாலேயே இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. பழைய கார்பன் ரெசிஸ்டர்களுக்குப் பதிலாக மெட்டல் பிலிம் போட்டதும் ‘உஸ்’ என்ற ஓசை குறைந்தது. இவை தகுந்த செலவுகள். அதற்கு மேல், ஐம்பது ஆண்டுப் பழைய வால்வு ஒன்றுக்கு மாதச் சம்பளத்தைக் கொடுப்பது இஸ்ராஃப்தான். வால்வின் ஓசைக்கு ஈடில்லை என்பாரின் கூற்றையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. சிறு ஐ.சி. ஒன்று குறைந்த விலையில், இதனினும் குறைந்த இரைச்சலோடு இதே வேலையைச் செய்யும். வால்வில் எனக்குப் பிடித்தது வேறு: ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரிகிறது, பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம். பத்தமடையில் கோரையைக் கீறிப் பாய் நெய்யும் நம் சமுதாயத்தாருக்கு இந்தப் பொறுமை புதிதன்று.

இளைஞரின் பெட்டியில் இன்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. இழையை இப்போது மாறுமின்னோட்டம் சூடாக்குகிறது. அதனை நேர்மின்னோட்டமாக்கினால் மிச்சமிருக்கும் சிறு முனகலும் குறையும் என்கிறார். டையோடுகளை வாங்கி வைத்துவிட்டார். ரமளான் கழிந்து, இன்ஷா அல்லாஹ், பெட்டியைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.