மாரிகாலமும் வீட்டுச் சுவரும்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து இல்லத்தரசிக்கு ஓர் ஐயம் எழுகிறது. கோடையில் உலர்த்திப் பெட்டியிற் கட்டிவைத்த ஒடியல் எந்நிலையில் இருக்கிறதோ? அலுமாரியின் அடித்தட்டிற் கிடக்கும் கூறைச்சேலை என்னாயிற்றோ? திறந்து பார்க்கிறாள். ஒடியலின்மேற் சாம்பல் நிறப் படலம். சேலை மடிப்பிற் கரும்புள்ளிகள். மூக்கில் ஏறும் ஒரு நாற்றம். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று சென்ற ஆண்டு சொன்ன சொல்லையே இவ்வாண்டும் சொல்லி, வெயில் முகங்காட்டியதும் யாவற்றையும் முற்றத்தில் விரிக்கிறாள். தை பிறக்கிறது, ஈரம் மறைகிறது, ஈரத்தைப் பற்றிய நினைவும் உடன்மறைகிறது.

குடாநாட்டில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். பன்னிரண்டு மாதத்துக்கும் பரந்து பெய்யுமாயின் இஃது ஒரு பெருமழை அன்று. ஆனால் இதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2008 ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நிஷா புயலையும், 2020 டிசெம்பரில் வந்த புரெவிப் புயலையும் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வழுக்கையாறு என்னும் பருவகால ஓடையைத் தவிர இங்கு ஆறென்று சொல்லத்தக்கது ஒன்றில்லை. பெய்த நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே நிலத்துள் இறங்குகிறது. கோடையில் ஆழத்திற் கிடந்த கிணற்று நீர் மார்கழியிற் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. கிணற்றில் நீர் ஏறும்போது வீட்டின் அத்திவாரத்தின் கீழும் ஏறுகின்றது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிலத்தடியிலுள்ள நீர் சுவரில் எவ்வாறு மேலேறும்? விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது எவ்வாறோ அவ்வாறே. கல்லிலும் சாந்திலும் கண்ணுக்குப் புலனாகா நுண்துளைகள் உண்டு; அவை நீரை மேலிழுக்கின்றன. ஈரம் இவ்வாறு இரண்டு அடி, மூன்று அடி வரை ஏறி நின்றுவிடும். சுவரில் நிலத்துக்கு ஒப்பாக ஓடும் பழுப்புக்கோடு அதன் எல்லையாகும். ஏறுகின்ற நீர் வெறுங்கையுடன் வருவதில்லை. உப்பையும் கரைத்துக் கொணர்கிறது. கடற்கரை மணலைக் கழுவாது சாந்திற் சேர்த்திருப்பின் உப்பு முன்னரே சுவரினுள் இருக்கும். நீர் ஆவியாகிப் போக, உப்பு மணிகளாகத் திரண்டு பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. சில உப்புக்கள் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சவல்லன. மழை பெய்யாத நாளிலும் சில சுவர்கள் வியர்த்துக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

பழைய கல்வீடுகளும் இதே நிலத்தின்மேலேதான் நின்றன. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் கொண்டு கட்டி, சுண்ணாம்புச் சாந்தினாற் பூசி, ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தனர். அச்சுவர்களிலும் ஈரம் ஏறியது. ஆனால் ஏறியது வெளியேறவும் செய்தது. சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தடுப்பதில்லை. அதன் காரத்தன்மை பூஞ்சணத்துக்கும் ஒவ்வாது. தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தை வெறும் அலங்காரமென்று கருதியோர், அதனுள் அடங்கிய மருத்துவத்தை அறியாதவராவர்.

1950 ஆம் ஆண்டிற் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. போரினால் 1990 இல் அது நின்றுபோயிற்று. சீமெந்தின்மேற் பிறந்த மதிப்போ நிற்கவில்லை. சீமெந்து வலியது, விரைவில் இறுகுவது. அதன் நற்குணங்களை மறுப்பதற்கில்லை. எனினும் பழைய சுண்ணாம்புச் சுவரின்மேற் சீமெந்தைப் பூசி, அதன்மேற் பளபளக்கும் நிறப்பூச்சையும் ஏற்றுவது, வியர்க்கும் உடலுக்கு மழைக்கவசம் அணிவிப்பதை ஒக்கும். வெளியேற வழியற்ற ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. மூன்றடியில் நின்ற கோடு ஐந்தடிக்குப் போகிறது. வீட்டுக்காரர் பூச்சைக் கொத்தி மறுபடியும் சீமெந்தே பூசுகிறார். செலவு பெருகுகிறதேயன்றி நோய் தீர்வதில்லை.

இத்தவறு மிகுதியாக நிகழ்வது நெடுநாட் பிரிந்திருந்து மீண்டவர்களின் வீடுகளிலாகும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். கூரையிழந்த வீடுகள் பல மாரிகளை வெறுஞ்சுவராகவே தாங்கின. 2009 இற்குப் பின் படிப்படியாக மீண்டவர்கள், எஞ்சிய சுவரின்மேற் கூரையிட்டு, உடனே பூசி, உடனே நிறந்தீட்டிக் குடிபுகுந்தனர். இருபது ஆண்டு ஏங்கியவரிடம் இன்னும் ஓராண்டு பொறுத்திருங்கள் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? ஆயினும் நனைந்த கற்சுவர் உலர்வதற்கு ஓரங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது கட்டடக் கலைஞரின் பொதுக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவருக்கு அக்கணக்கின்படி ஓராண்டுக்கு மேலாகும். வீட்டினுட் குடியிருக்கலாம், தடையில்லை. கூரையையும் பீலியையும் முதலிற் செப்பமிட்டு, சுவரை மட்டும் ஒரு கோடை முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்புடன் விட்டுவைத்தாற் போதும். மழைநீர் சுவரடியில் விழாது ஒழுகிச் செல்ல ஒரு வாய்க்கால் அமைப்பதும், சுவரோடு ஒட்டிக் குவிந்த மண்ணை அகற்றுவதும் மலிவான வேலைகள். விலையுயர்ந்த பூச்சுக்களிலும் அவை பயன் மிக்கவை.

நிலமும் கூரையும் குற்றமற்றிருந்தும் சில வீடுகளிற் பூஞ்சணம் படர்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஈரம் காற்றினின்றே பிறக்கிறது. 30 பாகை சென்ரிகிறேட் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராம். 20 பாகையில் 17 கிராம் மாத்திரமே. காற்றுக் குளிர்ந்தால் தாங்கமுடியாத மிச்சம் நீராகப் படிகிறது. தெளிந்த மார்கழி இரவில் தகரக்கூரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைவிற் குளிர்கிறது. சோறு வடித்த ஆவி, உறங்குவோரின் மூச்சு, அறைக்குள்ளே கட்டிய கொடியில் உலரும் ஈரத்துணி ஆகிய எல்லாவற்றின் நீரும் விடியற்காலையில் அக்கூரையிலிருந்து துளித்துளியாய் விழுகிறது. ஒழுக்கு என்று எண்ணி ஓட்டை தேடுவார், ஓட்டை இராது. சுவரோடு ஒட்டிய அலுமாரியின் பின்புறமும் இத்தகையதே. காற்றுப் புகாத அவ்விடம் எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். குளிரூட்டும் பொறி வைத்த அறையின் சுவர் அடுத்த அறையின் பக்கமாகக் கறுப்பதும் இதனாலேயே.

முன்னோர் குசினியை வீட்டினின்று பிரித்துக் கட்டினர். நடுமுற்றம் விட்டு நாற்புறமும் தாழ்வாரம் இறக்கினர். யன்னல், அலுமாரி, விறாந்தை, குசினி என்பன எல்லாம் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற சொற்கள். ஆனால் அவை வருமுன்னரே காற்றுக்கு வழிவிடும் அறிவு இங்கு இருந்தது. இன்று குசினி வீட்டுக்குள் வந்துவிட்டது; நுளம்புக்கும் திருடனுக்கும் அஞ்சி யன்னல்களும் மூடிக்கிடக்கின்றன. நுளம்புவலையடித்துத் திறந்துவைப்பதே இதற்கு வழி.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு முழ அகலமுள்ள பொலித்தீன் தாளைச் சுவரோடு படிய வைத்து நான்கு விளிம்பையும் ஒட்டி இரண்டு நாள் விடுக. தாளின் உட்புறம் நனைந்திருப்பின் ஈரம் சுவரினது. வெளிப்புறம் நனைந்திருப்பின் காற்றினது. கொத்தனாரை அழைக்குமுன் இதனைச் செய்துபார்ப்பது நன்று.

பூஞ்சணத்தின் நுண்வித்துக்கள் எங்கும் காற்றில் மிதக்கின்றன. அவற்றை ஒழித்தல் இயலாது. ஈரமில்லாவிடத்து அவை முளைப்பதில்லை. ஈரமும் பூஞ்சணமும் நிறைந்த வீட்டில் வாழ்வோர்க்கு இழுப்பும் இருமலும் மிகுதியென்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. குழந்தையின் தொட்டிலைக் கறுத்த மூலையில் இடுதல் ஆகாது. சாம்பிராணிப் புகை நாற்றத்தை மறைக்குமேயன்றிப் பூஞ்சணத்தைக் கொல்லாது. உலர்ந்த துடைப்பத்தாற் தட்டினாலோ வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு, சவர்க்கார நீரில் நனைத்த துணியினாற் துடைத்து உலரவிடுதல் வேண்டும். வெளிற்றும் தூளைப் பயன்படுத்துவோர் அதனோடு அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் கலத்தலாகாது. அதனால் எழும் வாயு நஞ்சாகும்.

உண்பொருளிற் படர்ந்த பூஞ்சணத்தை வேறுவிதமாக நோக்க வேண்டும். 1960 இல் இங்கிலாந்திற் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் மாண்டன. அதன்பின்னரே அபிளாடொக்சின் என்னும் நஞ்சு அறியப்பட்டது. சமைக்கும் சூட்டில் அது முற்றாக அழிவதில்லை. ஆதலின் பூஞ்சணம் பிடித்த கடலையையும் செத்தல் மிளகாயையும் வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துவது சிக்கனமன்று.

இன்னொரு பொருளையும் சொல்லவேண்டும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் ஒடியும் ஏடுகளோடு போராடி 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் அழிந்தன. எஞ்சிய ஏடுகளும் பழம்பதிப்புக்களும் இன்று பல வீடுகளின் பெட்டகங்களிற் கிடக்கின்றன. நெருப்புக்குத் தப்பியவற்றை ஒவ்வொரு மாரியும் ஓசையின்றித் தின்கின்றது. அவற்றை வெயிலில் விரித்தலாகாது; ஏடு முறுகும், தாள் பழுக்கும். நிழலிற் காற்றாட விரித்து, மென்மையான தூரிகையினாற் துடைத்து, ஏட்டுக்கு எலுமிச்சம்புல் எண்ணெயை மெல்லத் தடவலாம். பெட்டகத்தை வெளிச்சுவரினின்று ஒரு சாண் தள்ளி, நிலத்திற் படாமற் கட்டையின்மேல் ஏற்றிவைத்தல் வேண்டும். மாரி மாதங்களில் மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் நண்பகலில் மட்டுமே அதனைத் திறந்து மூடுதல் தகும்.