நகர்மன்றத்தில் நிருபருக்கு ஓர் இடம்

லண்டனில் எது நடந்தாலும் 'டென்பி அப்சர்வர்' அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வேல்ஸின் தென்மேற்குக் கரையில் நான் வேலை பார்க்கும் ஊரின் வாரப் பத்திரிகை அது. மீட்புப் படகு எதற்காகக் கடலுக்குப் போனது, எந்தத் தெருவில் யார் மாடி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார், துக்கத்துக்கு வந்தவர்களுக்கு எந்தக் குடும்பம் நன்றி சொல்கிறது, இவைதாம் செய்தி. எங்கள் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவும் பையன், தன் கால்பந்து அணியின் படத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். நான் முதலில் புரட்டுவது நகர்மன்றச் செய்தியை. அதற்குக் காரணம் உண்டு.

1853-இல் தொடங்கிய இந்தப் பத்திரிகையைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்தியவர் ஃபிராங்க் மேசன். அவர் எழுதியது மன்றத்தாருக்குக் கசந்தது. கூட்டத்துக்கே வரக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. மன்றக் கூட்டத்தில் உட்கார நிருபருக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று தீர்ப்பானது. மேசன் தோற்றதும் ஒருவகையில் நல்லதாயிற்று. உரிமை இல்லையென்றால் சட்டம் கொண்டுவாருங்கள் என்று பத்திரிகையாளர்கள் கிளம்பினார்கள். 1908-இல் நாடாளுமன்றம், உள்ளாட்சிக் கூட்டங்களுக்குப் பத்திரிகையாளர்களை அனுமதிக்கும் சட்டத்தை இயற்றியது. அதிலும் ஓட்டை இருந்தது. மன்றம் தன்னையே ஒரு 'குழு'வாக மாற்றிக்கொண்டு கதவைச் சாத்திவிடலாம்! 1960-இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. பொதுமக்களையும் உள்ளே விட்ட அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர், அப்போதுதான் எம்.பி. ஆகியிருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய கன்னிப் பேச்சே அதைப் பற்றித்தான்.

1978-இல் அப்சர்வர் மூடும் நிலைக்கு வந்தபோது ரே டிண்டில் என்பவர் வாங்கினார். டென்பிச் செய்தி மட்டும் போதும் என்பது அவர் கணக்கு. பத்திரிகை பிழைத்தது.

கிழக்கே, உருக்காலை ஊரான போர்ட் டால்பட்டுக்கு அப்படி வாய்க்கவில்லை. 'போர்ட் டால்பட் கார்டியன்' 2009-இல் நின்றது. பத்திரிகையாளர்கள் சிலர் கூட்டுறவாக நடத்திய 'மேக்னட்'டும் 2016-இல் முடிந்தது. அவர்களில் ஒருவரான ரேச்சல் ஹவெல்ஸ், அந்த ஊரையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார். நிருபர்கள் குறையக் குறைய, ஊருக்குள் வதந்தி எப்படிச் செய்தியாகிறது என்பதை அதில் காட்டினார்.

2018 முதல், உள்ளாட்சி மன்றங்களைக் கவனிப்பதற்கென்றே பிபிசி தன் உரிமக் கட்டணப் பணத்தில் நிருபர்களுக்குச் சம்பளம் தருகிறது. அவர்கள் வேலை செய்வது உள்ளூர்ப் பத்திரிகைகளில்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மாவட்டமே ஒருவர் தலையில் விழுந்தால், சின்ன ஊர் மன்றங்களை அவர் எப்போது எட்டிப் பார்ப்பது?