கம்பெனி எடுத்த எக்ஸ்ரே, முனிசிபாலிட்டி எடுக்கும் கணக்கு

கோலார் தங்கவயலில் ஒரு தொழிலாளியின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்பே சுரங்கக் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. கம்பெனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதை வைத்து ஆள் சுரங்கத்துக்குள் செய்யும் கீழ்வேலைக்குத் தேறுவானா மாட்டானா என்று முடிவு செய்தார்கள். அந்தப் படத்தில் என்ன தெரிந்தது என்று அவன் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை.

இன்று அதே ஊரில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கிய தொகை 2024 நவம்பரில் இரட்டிப்பானது. நோய் வந்த யாரையும் போ என்று சொல்ல இன்று அரசு ஆஸ்பத்திரிக்கு உரிமை இல்லை. இது பெரிய மாற்றம், மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனால் ஓர் உள்ளாட்சி காசநோயை எவ்வளவு நன்றாகக் கட்டுப்படுத்துகிறது என்று அளக்க அரசு வைத்திருக்கும் அளவுகோலைத் தங்கவயலில் வைத்துப் பார்த்தால், இந்த ஊரின் முக்கியமான உண்மை அதில் விழுவதே இல்லை. அந்த உண்மை தூசி.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இங்கே இறங்கியது. வடாற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள், நிலமில்லாதவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது, சுரங்கத்துக்காக. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள்.

அந்தத் தங்கம் படிகக்கல் பாறைக்குள் இருந்தது. படிகக்கல் முழுக்கச் சிலிக்கா. துளை போடும்போதும் வெடி வைக்கும்போதும் பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் ஆபத்தானவை. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். மைக்ரான் அளவில் இருப்பது நுரையீரலின் அடி வரைக்கும் போய்ப் படியும். அங்கே கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே இருக்கும் அணுக்கள் இந்தத் துகளையும் விழுங்கும், விழுங்கிச் செத்துப்போகும். காவல் போன நெஞ்சில் காசநோய்க் கிருமி சுலபமாகக் குடியேறும். இப்படிச் சிலிக்காத் தூசி படிந்து வரும் நோய்தான் சிலிக்கோசிஸ். அது வந்தவருக்கு மற்றவர்களைவிடக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். வேலையை விட்டு இருபது வருடம் ஆனாலும் அந்த ஆபத்து குறைவதில்லை, ஏனென்றால் படிந்த தூசி வெளியே போவதில்லை.

சுரங்கத்திலிருந்து மேலே வந்தால் கம்பெனி கொடுத்த லைன் வீடு. தட்டி வைத்துக் கட்டிய ஒற்றை அறை, அதில் ஐந்தாறு பேர். சுரங்கத்தில் தூசியும் வீட்டில் நெருக்கமும் சேர்ந்தால் காசநோய்க்கு வேறென்ன வேண்டும்?

இந்தியாவில் சிலிக்கோசிஸ் பற்றிய முதல் பெரிய ஆய்வு நடந்தது இங்கேதான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நெஞ்சில் தூசி நோய் இருந்தது. 1947-ல் வெளிவந்த அந்த அறிக்கையை இன்றும் இந்திய மருத்துவ மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அதில் பணியாற்றிய மருத்துவர் கேப்லன் பிறகு வேல்ஸ் நாட்டுக்குப் போய் நிலக்கரித் தொழிலாளர்களைப் பரிசோதித்தார். மூட்டுவாதத்தோடு சேர்ந்து வரும் ஒரு தூசி நோய்க்கு உலகமே அவர் பெயரைச் சொல்கிறது. அந்தப் படங்களுக்காக நெஞ்சைக் காட்டிய தங்கவயல் தொழிலாளிகள் ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குக் காசநோய் என்றால் ஊரை விட்டுப் போவதுதான். பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளிக்கு அருகே, 1915-ல் தொடங்கிய ஆரோக்கியவரம் சானடோரியம் இருந்தது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு என்பதுதான் வைத்தியம். வசதி இல்லாதவன் சொந்த ஊருக்குப் போனான். வேலைக்கு ஆகாதவன் என்று ஆனபின் தங்கவயலில் அவனுக்கு இடமில்லை; லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. வடாற்காட்டுக் கிராமத்தில் செத்தவன் சாவு தங்கவயல் கணக்கில் ஏறாது. கம்பெனியின் புள்ளிவிவரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நோயோடு வெளியே போனவனைத் தொடர்ந்து போகாத கணக்கு பாதிக் கணக்குதான்.

மருந்து வந்ததும் எல்லாம் மாறியது. சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்தது சென்னை. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான் அதைச் செய்தது. அதை மாவட்டம் தோறும் எப்படிக் கொண்டுபோவது என்று வழி வகுத்தது பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனம். தங்கவயலுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி ஒன்று, கிழக்கே ஒரு ராத்திரிப் பயணத்தில் மற்றொன்று. உலகத்துக்கே காசநோய்ப் பாடம் சொன்ன இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கிறது இந்த ஊர்.

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது, 1962-ல் மத்திய அரசிடம் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. பெயர் எத்தனை மாறினாலும் ஊர்க்காரர்களுக்கு அது கம்பெனிதான். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு கம்பெனி மூடப்பட்டது. வேலையோடு ஆஸ்பத்திரியும் போனது. எந்தத் தொழிலாளி எத்தனை வருடம் எந்த ஆழத்தில் துளை போட்டான், நெஞ்சு எந்த வருடம் எப்படி இருந்தது என்று அறிந்த ஒரே நிர்வாகம் அன்று கலைந்தது. பொறுப்பு முனிசிபாலிட்டிக்கும் மாவட்ட சுகாதாரத் துறைக்கும் வந்தது. அந்த அறிவு வந்து சேரவில்லை.

லைன் வீடுகளில் பழைய எக்ஸ்ரே படங்களைப் பார்க்கலாம். பீரோ மேலோ டிரங்குப் பெட்டி அடியிலோ, பழுப்பு உறையில், மூலை சுருண்டு, மேலே அழிந்துபோன நம்பரோடு இருக்கும். சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா சளி டப்பாவோடு வந்து நிற்பார்.

“தாத்தா, ரெண்டு வாரமா இருமுறியாமே?”

“கம்பெனியில இருக்கும்போதே படம் எடுத்துட்டாங்கம்மா. என்னுது தூசி நெஞ்சு. டிபி எல்லாம் கெடையாது.”

“அது அப்போ எடுத்தது. இப்போ சளி துப்பிக் குடு.”

இந்த மூன்று வரியில்தான் தங்கவயலின் காசநோய்ச் சிக்கல் முழுவதும் இருக்கிறது. தூசி நோய்தான் என்று நினைத்துக் காசநோயை விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம், எக்ஸ்ரேயில் புள்ளிகளைப் பார்த்ததும் காசநோய் என்று முடிவுகட்டி, தூசி நோய்க்காரருக்குத் திரும்பத் திரும்பக் காசநோய் மாத்திரை கொடுக்கும் தவறு இந்தியாவின் எல்லாச் சுரங்கப் பகுதிகளிலும் நடந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய நவீன சளிப் பரிசோதனையும், ஆள் என்ன வேலை பார்த்தார் என்ற கேள்வியும் சேர்ந்து வேண்டும். கேள்விக்குக் காசு செலவில்லை.

இனி அளவுகோலுக்கு வருவோம். காசநோய் இல்லாத கிராமப் பஞ்சாயத்து என்ற திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் முப்பது பேரையாவது பரிசோதித்திருக்க வேண்டும். கண்டறிந்த நோயாளிகள் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் போகக் கூடாது. நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும். 60 பேருக்காவது மருந்து வேலை செய்யுமா என்ற பரிசோதனை நடந்திருக்க வேண்டும். உதவித்தொகையும் ஊட்டச்சத்துப் பெட்டியும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேறினால் முதல் வருடம் வெண்கல நிறக் காந்தி சிலை, தொடர்ந்தால் வெள்ளி, பிறகு தங்கம்.

ஓர் உள்ளாட்சியைக் காசநோய்க்குப் பதில் சொல்ல வைத்ததே நல்ல காரியம். முப்பது பேர் என்ற விதி உயர்ந்த விதி. ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் தங்கவயல் அளவுள்ள ஊருக்கு அது ஆண்டுக்கு 4,500 பரிசோதனை. அதை உண்மையாகச் செய்தால் ஊர் மாறும்.

என் கவலை இரண்டாவது விதியில். தங்கவயலில் மாரிக்குப்பம் பக்கத்தில் ஒரு வார்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருவர் கீழ்வேலை பார்த்தவர். அங்கே நேர்மையாகத் தேடினால் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று நோயாளிகள் கிடைக்கலாம். அந்த வார்டைப் பஞ்சாயத்து அளவுகோலில் வைத்தால் தோற்கும். தேடாமல் விட்ட வார்டு ஜெயிக்கும். தூசி படிந்த ஊருக்கும் தூசியே படாத ஊருக்கும் ஒரே எண்ணை வைப்பது நியாயமான மதிப்பீடு ஆகாது.

மூன்றாவது விதியிலும் ஓட்டை உண்டு. ஹாங்காங் மருத்துவர்களும் சென்னை ஆய்வு மையமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலும் சேர்ந்து, தூசி நோயோடு காசநோயும் வந்த தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 1991-ல் வெளியானது. ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் மூன்று வருடத்துக்குள் 22 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. எட்டு மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். ஆறாவது மாதக் கடைசியில் வெற்றி என்று எழுதி மூடிய கோப்பு, தங்கவயலில் மூன்றாவது வருடம் திரும்பவும் இருமும். அந்த மூன்றாவது வருடத்தைப் பார்க்கும் கட்டம் மதிப்பெண் அட்டையில் இல்லை.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். அன்று வேலையும் வீடும் ஆஸ்பத்திரியும் ஒரே இடத்தில் இருந்தன. இன்று தங்கவயல் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ரயிலேறிப் பெங்களூருவுக்குப் போகிறார்கள். கடை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கட்டடம் என்று. இரவுதான் திரும்புகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஊரில் இல்லை. ஒருநாள் லீவு போட்டால் கூலி போகும், டிபி என்று தெரிந்தால் வேலையே போகும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், ஸ்டேஷன் பக்கத்தில் வாரம் இரண்டு நாள் ஒரு பரிசோதனை மேஜை போட்டால், எத்தனையோ முகாம்கள் பிடிக்காத நோயாளிகளை அது பிடிக்கும். முனிசிபாலிட்டியால் முடியாத காரியமா இது?

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் உறுதியானதும் உடல் மெலிவு, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ஒரு மாவட்டம் நன்றாகச் செய்கிறதா என்பதைச் சாவு குறைகிறதா என்று வைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையான அளவுகோலாகப் படுகிறது. கண்டுபிடித்த எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. சாவைச் சரியாக எழுதினால் மறைக்க வழியில்லை.

நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடிக்க இழப்பீடும் ஒரு வழி. தென்னாப்பிரிக்காவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டு, 2019-ல் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தின்படி ஆறு கம்பெனிகள் சிலிக்கோசிசுக்கும் காசநோய்க்கும் இழப்பீடு தருகின்றன. 1965-க்குப் பிறகு வேலை பார்த்தவர்களையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் தேடிப்போகிறார்கள். ராஜஸ்தான் 2019-ல் தனிக் கொள்கை வகுத்து, சிலிக்கோசிஸ் உறுதியானவருக்கு 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத ஓய்வூதியம் என்று அறிவித்தது. உதவி கிடைக்கும் என்றதும் மக்கள் தாமாகவே பரிசோதனைக்கு வருகிறார்கள். அந்தப் பட்டியல் காசநோய்த் துறைக்கும் பயன்படும். 2021-ல் வந்த தேசிய வழிகாட்டுதலே, நோய் வராமல் தடுக்கும் மாத்திரைக்குப் பரிசீலிக்க வேண்டியவர்களில் சிலிக்கோசிஸ் உள்ளவர்களையும் சேர்த்திருக்கிறது. தங்கவயலுக்குப் புதிய சட்டம் வேண்டாம். ஆட்களின் பட்டியல் வேண்டும்.

பட்டியல் எடுப்பது கஷ்டம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில், இருபது வருடம் பூட்டிக் கிடந்த கம்பெனி ஆஸ்பத்திரியை ஊர் மக்களும் நிர்வாகமும் சேர்ந்து கூட்டிப் பெருக்கி, கட்டில் போட்டுத் திறந்தார்கள். மனம் வைத்தால் இந்த ஊரால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. பழைய மஸ்டர் ரோல், பிஎஃப் கணக்கு, தொழிற்சங்கங்களின் உறுப்பினர் பதிவு, இவற்றை வைத்து லைன் லைனாகப் போனால் உயிரோடு இருக்கும் கீழ்வேலைக்காரர்கள் ஒவ்வொருவரையும் எழுதிவிடலாம். 1975-ல் இருபது வயதில் சேர்ந்தவருக்கு இப்போது எழுபது வயதாவது இருக்கும். ஒத்திப்போட நேரமில்லை.

தங்கவயல் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் கீழ்வேலை பார்த்தவர் இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், ராத்திரியில் வேர்த்தால், எடை குறைந்தால், தூசி நெஞ்சுதானே என்று விடாதீர்கள். சளியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பழைய எக்ஸ்ரே உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்தச் சுரங்கத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.