கண்ணாடி இழையில் தங்கத் துகள்: நோயைப் பிடிக்கும் புதிய சென்சார்

மருந்துக் கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றுகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கத்தால் ஆனது. கொரோனா நாட்களில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அந்த அட்டைகள் பலவற்றிலும் அதே தங்கம்தான். நகைக்கடைத் தங்கத்துக்கும் இதற்கும் அளவில் மட்டுமே வேறுபாடு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். பட்டையில் உள்ள தங்கத் துகளின் குறுக்களவு 20 முதல் 40 நானோமீட்டர். அவ்வளவு சிறுத்துப் போனால் தங்கம் மஞ்சளை விட்டுச் சிவக்கிறது.

அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்ப்பதற்குப் பதில், ஆப்டிகல் ஃபைபர் வழியே ஒளியை அனுப்பி அளந்தால், கோடே தெரியாத அளவுக்கு நோயின் அடையாளம் குறைவாக இருக்கும்போதும் பிடித்துவிடலாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதற்காக உலகெங்கும் வேலை நடக்கிறது. அதில் சென்னைக்கும் வேலூருக்கும் நல்ல பங்கு உண்டு.

தங்கம் சிவக்கும் சங்கதியை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்துச் செந்நிறத் திரவம் ஒன்றைச் செய்தார். கண்ணுக்குத் தென்படாத தங்கத் துகள்களே அந்த நிறத்துக்குக் காரணம் என்று 1857-இல் விளக்கினார். அவருடைய குப்பிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1908-இல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்தாவ் மீ அந்த நிறத்தைக் கணக்கிட்டே காட்டிவிட்டார்.

காரணம் இதுதான். தங்கத்துக்குள் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளி என்பது மின்காந்த அலை. அது துகள்மேல் பட்டதும் எலக்ட்ரான்கள் கூட்டமாக இப்படியும் அப்படியும் ஆடுகின்றன. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைந்து தள்ளினால்தானே உயரப் போகும்? அதுபோல, குறிப்பிட்ட ஓர் அலைநீளத்துக்குத்தான் எலக்ட்ரான்களின் ஆட்டமும் உச்சத்தைத் தொடும். நீரில் மிதக்கும் 20 நானோமீட்டர் துகளுக்கு அது சுமார் 520 நானோமீட்டர், அதாவது பச்சை ஒளி. பச்சையைத் துகள் விழுங்கிக்கொள்ள, மிஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது.

துகளை ஒட்டியிருக்கும் பொருள் மாறினால் இந்த உச்சமும் மாறும் என்பதுதான் சென்சார் செய்பவர்களுக்குக் கிடைத்த பிடி. தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு புரதம் வந்து உட்கார்ந்தால் அங்கே ஒளிவிலகல் எண் கூடும். உச்சம் சிவப்புப் பக்கமாகச் சற்று நகரும், விழுங்கும் ஒளியின் அளவும் கூடும். துகளைச் சுற்றிச் சில பத்து நானோமீட்டருக்குள் நடப்பதை மட்டுமே அது உணரும். புரதங்கள் அளக்கப்படுவதும் அந்த அளவில்தான். வெள்ளித் துகள் இதைவிடக் கூர்மையாக ஒளியை விழுங்கும் என்றாலும், உப்புநீர் பட்டால் அரித்துப்போகும். தங்கம் அப்படிக் கெடாது. கந்தக அணு கொண்ட மூலக்கூறுகளை அது இறுகப் பற்றிக்கொள்ளவும் செய்யும்.

இத்துகள்களைத் தயாரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் நிறத் தங்கக் குளோரைடு கரைசலைக் கொதிக்கவிட்டு, கிளறியபடியே சோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்றுகிறார்கள். மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகிறது. பிறகு சாம்பல் கலந்த கருமை, அதன்பின் ஊதா, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பு. டர்கெவிச் என்ற வேதியியலாளரின் குழு 1951-இல் ஆராய்ந்து செப்பனிட்ட இந்த முறைதான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் நடக்கிறது. குடுவையை முன்னதாக இராஜதிராவகத்தால் கழுவியிருக்க வேண்டும். அழுக்கு துளி ஒட்டியிருந்தாலும் துகள்கள் தாறுமாறாக வளரும். தயாரான சிவப்புத் திரவத்தில் கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணெதிரே நீலமாகிவிடும்.

அடுத்தது ஃபைபர். வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கண்ணாடி இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். சென்சாருக்கு 200 மைக்ரோமீட்டர் அளவில் தடித்த இழைகளை எடுப்பது வழக்கம். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இங்கேயும் ஒளியை உள்ளேயே வைத்திருக்கிறது. ஆனால் சுவரில் மோதும் ஒவ்வொரு தடவையும் ஒளி கண்ணாடியைத் தாண்டி நூறு, இருநூறு நானோமீட்டர் தூரம் வெளியே நீண்டுவிட்டுத் திரும்புகிறது. மேலுறையை உரித்து அங்கே தங்கத்தை ஒட்டினால், வெளியே நீளும் ஒளி அதில் சிக்கும். இழையின் மறுமுனையில் வெளிச்சம் குறையும். எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் போதும்.

தங்கக் கூழ்மம் பூசிய ஃபைபரை வேதிப்பொருள் அளக்கப் பயன்படுத்தலாம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். 2009-இல் மும்பை ஐஐடியில் வி.வி.ஆர். சாய், தபனேந்து குண்டு, சௌம்யோ முகர்ஜி ஆகியோர் இழையை 'யு' வடிவில் வளைத்தார்கள். வளைவில் ஒளி அதிகமாக வெளியே நீள்வதால் சென்சாரின் கூர்மை கூடியது. எளிய மாற்றம்தான், ஆனால் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பச்சை எல்.இ.டி. ஒன்று, வளைத்த இழை ஒன்று, ஒளியை அளக்கும் டிடெக்டர் ஒன்று, இவை போதும்.

சாய் பின்னர் சென்னை ஐஐடிக்கு வந்தார். அவருடைய குழு தங்கத்தை வேறு விதமாகப் பயன்படுத்தியது. இழையில் எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, மட்டும் ஒட்டியிருக்கும். தேடும் புரதம் வந்து அதில் சிக்கியதும், மற்றோர் எதிர்ப்பொருளைச் சுமந்த தங்கத் துகள் அந்தப் புரதத்தின்மேல் வந்து உட்காரும். ஒரு தங்கத் துகள், ஒரு சாய மூலக்கூறைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலாக ஒளியை விழுங்கும். ஆகவே வெகு சில புரதங்கள் சிக்கினாலும் டிடெக்டரில் தெரிந்துவிடும். கொரோனா பரவிய 2020-இல் இதே முறையால் வைரஸின் புரதத்தை உமிழ்நீரில் பிடிக்கும் திட்டத்தை வேலூர் விஐடி ஆய்வாளர்களுடன் சேர்ந்து முன்வைத்தார்கள்.

தங்கம் என்றதும் விலை நினைவுக்கு வரும். கணக்குப் பார்ப்போம். 200 மைக்ரோமீட்டர் இழையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 20 நானோமீட்டர் துகள்களைப் பாதிப் பரப்பு மூடும்படி ஒட்டினாலும், ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. ஒரு பவுன் தங்கம் 80 லட்சம் இழைகளுக்குத் தாங்கும். செலவு வைப்பது எதிர்ப்பொருள்தான். அதைக் கெடாமல் குளிரில் வைத்திருக்கவும் வேண்டும்.

பிறகு ஏன் இது இன்னும் கடைக்கு வரவில்லை? ஆய்வகத்தின் சுத்தமான கரைசலில் நன்றாக வேலை செய்யும் இழை, ரத்தத்திலும் சளியிலும் திணறுகிறது. அவற்றில் உள்ள வேறு புரதங்களும் வந்து ஒட்டிக்கொண்டு, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இன்னொரு சிக்கல், இழையைச் சுடரில் காட்டிக் கையால் வளைப்பது. வளைவின் அகலம் சற்று மாறினாலும் அளவீடு மாறும். பத்து இழைகளைத் தேர்ந்தெடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதிவிடலாம். பத்தாயிரம் இழைகள் ஒன்றுபோல் நடந்துகொண்டால்தான் அது மருத்துவருக்கு உதவும் கருவி.

இந்தப் பாடு அவசியமா என்று கேட்பவர்கள் காசநோயை எண்ணிப் பார்க்கலாம். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். காசநோய்க் கிருமியின் மேலுறைப் பொருள் சிறுநீரில் வெளியேறுகிறது, ஆனால் மிக மிகக் குறைவாக. அதனால் இப்போதுள்ள சிறுநீர்ப் பட்டைச் சோதனை முக்கியமாக எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கே பயன்படுகிறது. சளி துப்ப இயலாத குழந்தைக்கும் முதியவருக்கும் சிறுநீரிலேயே நோயைக் கண்டறிய வேண்டுமானால், பட்டையைவிடப் பல மடங்கு கூர்மையான கருவி வேண்டும். தங்கம் ஒட்டிய இழை அதற்குத் தகுந்தது என்று நம்புகிறேன்.

ஆய்வுக்கு நிதி தரும் அமைப்புகள் இனி இழையை ஒரே சீராக வளைக்கும் எந்திரத்துக்கும், அரசு மருத்துவமனைகளில் உண்மையான நோயாளிகளின் மாதிரிகளை வைத்து நடத்தும் சோதனைக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன.